ஜன்னலோர மேடை

பொம்பளைப் பிள்ளை, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று
எனக்குப் பதினோராம் மேடை. மேற்கே ஜன்னல்.
ஜன்னலைத் தாண்டி வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டி
நட்டு இருபது நாளான குறுவை.

இருபத்திரண்டு பேரில் நாங்கள் இரண்டு பேர்,
நானும் கூத்தாநல்லூர் மெஹராஜ் பானுவும்.
அவளுக்குச் சுவரோரம்.
ஃபேனும் எட்டாத புழுக்கம்.
முதல் நாள் அவளைப் பாவம் என்று நினைத்தேன்.

முகமூடியை இறக்கினால் உலகம் அணைந்துவிடும்.
விசையை அழுத்தியபின் தெரிவதெல்லாம்
ஓர் உளுந்தளவு உருகிய இரும்பு.
அதை விடாமல் பார்க்க வேண்டும், படிப்பு அவ்வளவுதான்.
கம்பி தானாக வரும். கை தானாகப் போகாது.
சரியான வில் அப்பளம் பொரிகிற மாதிரி
ஒரே சீராகச் சத்தம் போடும் என்று
ரெக்கார்டு நோட்டில் எழுதியிருக்கிறேன்.
எனக்கும் பொரிந்தது.
வெல்டும் அப்பளமாகவே வந்தது,
மேலெல்லாம் கொப்புளமும் துளையும்.

ரிஜெக்ட். சாக்பீசில் ஒரு வட்டம்.
மறுநாள் இன்னொரு வட்டம்.
தகட்டை முகம் தெரியும்வரை தேய்த்தேன்.
முனையைக் கழற்றி, ஒட்டிய பொறிகளைச் சுரண்டினேன்.
கம்பிச் சுருளை மாற்றினேன்.
சிலிண்டரில் வாயு இருக்கிறதா என்று பார்த்தேன்.
மீட்டர் உருண்டை பன்னிரண்டில்
தவம் பண்ணிக்கொண்டிருந்தது.

பதினோரு மணி வாக்கில் வில் ஒரு விக்கல் விக்கும்.
சுற்றுப்பட்டுப் பம்ப்செட்டெல்லாம் ஒன்றாக எழுந்து
மும்முனைக் கரண்டை ஒரு மிடறு குடிக்கிற நேரம்.
அதுதான் காரணம் என்று முடிவுகட்டி
வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் மோட்டார் வைத்திருக்கும்
எங்கள் பங்காளி வைரக்கண்ணுவை
ஒரு வாரம் முகமூடிக்குள்ளேயே திட்டினேன்.

பிறகு ஒரு ராத்திரி, கண்ணுக்குள் மணல்.
பக்கத்து மேடை வில்லை
வெறுங்கண்ணால் ஒரு நொடி பார்த்ததற்குக் கூலி.
ஈரத்துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.
பார்க்க முடியாததால் எல்லாம் கேட்டது.
கொல்லைக் கதவு அடித்துக்கொள்வது,
தென்னை மட்டை கூரையைத் துழாவுவது,
அம்மா அடுப்பிடம் சண்டை பிடிப்பது:
“நிக்குதா பாரு இந்த நெருப்பு, சனியன் புடிச்ச காத்து.”
முறத்தை எடுத்து அடுப்புக்கு அணை வைக்கிற சத்தம்.

கட்டை அவிழ்க்காமலே எழுந்து உட்கார்ந்தேன்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்.
உளுந்துக்குக் குடை பிடிக்கிற வாயு எம்மாத்திரம்?
பதினைந்து நாளாக
சிலிண்டர் சிலிண்டராக நான் திறந்துவிட்டது
நேரே மேடை தாண்டிப் பறந்திருக்கிறது.
இரும்பு மூச்சுத் திணறிய இடமெல்லாம் ஒரு துளை.

மூன்றாம் நாள் கண் திறந்து போனேன்.
ஜன்னல் துருவேறி இறுகியிருந்தது.
கசடு தட்டும் சுத்தியால் நாலு போடு போட்டுச் சாத்தினேன்.
பையன்கள் முனகினார்கள், வெந்து சாகவா என்று.
கையுறைக்குள் வியர்வை முழங்கைவரை இறங்கியது.
உளுந்து அசையாமல் இருந்தது. நான் நகர நகர நகர்ந்தது.
முகமூடியைத் தூக்கிப் பார்த்தால்
வரப்பில் நத்தை போன தடம் மாதிரி
ஒரு கோடு, மெல்லிய பளபளப்போடு.

வைஸில் கவ்வ வைத்து உடைத்துப் பார்ப்பதுதான் சோதனை.
நல்லதா என்று தெரிய அதை நாசமாக்க வேண்டும்.
உள்ளே சாம்பல் நிற மணி, நெருக்கமாக. துளையில்லை.
பயிற்றுநர் இரண்டு துண்டையும் திருப்பிப் பார்த்தார்.
ஒன்றும் எழுதவில்லை.
சாக்பீசை ஜேபியில் போட்டுக்கொண்டு
பன்னிரண்டாம் மேடைக்குப் போனார்.

“காத்துன்னு ஏன்டி எனக்குச் சொல்லல?” என்றேன் பானுவிடம்.
“எனக்கு எப்படித் தெரியும்?
எங்க பக்கம்தான் காத்தே வர்லயே.”

வட்டம் போட்ட தகடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
மழை பெய்தால் எங்கள் வாசல் களிமண்
ஸ்கூட்டர் ஸ்டாண்டை முழங்கால்வரை விழுங்கும்.
இப்போது அதற்கடியில் கிடக்கிறது, துளைகள் மேலே பார்க்க.
சாக்பீஸ் அழிந்துவிட்டது.
ஸ்கூட்டர் நிற்கிறது.